மக்கள்தொகை கூடினால் ஊர் செழிப்பா?

மக்கள்தொகை வேகமாகக் கூடியதை வைத்து ஓர் ஊர் செழிப்பானது என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. 2001–2011இல் புதுச்சேரி 28 சதவீதம், கடலூர் மாவட்டம் 14 சதவீதம் கூடியதை மட்டும் வைத்து "புதுச்சேரிக்கு இரு மடங்கு செழிப்பு" என்று எழுத முடியாது. அதே பத்தாண்டில் பீகார் 25 சதவீதம் கூடியது, கேரளம் 5 சதவீதம்கூட இல்லை. எது வசதியான மாநிலம் என்று நான் சொல்லவா வேண்டும்?

புதுச்சேரியில் பிறப்பு விகிதம் குறைவு. ஆகவே வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்கியவர்கள்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

சென்சஸின் இடப்பெயர்வு அட்டவணையை எடுத்து, வேலைக்காக வந்தவர் எத்தனை, கல்யாணமாகி வந்தவர் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். அப்புறம் தனிநபர் வருமானத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்த 28 சதவீதம் புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதற்குமான கணக்கு; காரைக்கால், மாஹே, ஏனாமும் அதில் சேர்த்தி. கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவரோ, கணக்கில் கடலூர்க்காரர்தான்.