மெக்சிகோவில் எந்த ஊர்?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. மெக்சிகன் சாப்பாட்டுக்கு இதுதான் ஊர் என்கிறார்கள். நாங்கள் போன இடங்களிலோ எதைக் கேட்டாலும் மேலே மஞ்சள் சீஸை ஊற்றி, ஓரத்தில் சோறும் பீன்ஸும் வைத்து நீட்டுகிறார்கள். நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? (டாரன்ஸிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் மெனு கார்டின் பருமனைப் பாருங்கள். பரீட்டோ, ஃபஹீட்டா, என்சிலாடா, நாச்சோஸ் என்று பக்கம் பக்கமாகப் போனால் வயிறு நிறையும், அவ்வளவுதான். அந்த மஞ்சள் சீஸ் டெக்சாஸ் பக்கம் வளர்ந்த வழக்கம். அதையும் ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இங்கே நல்ல கடைகள் பலவும் 'மெக்சிகன்' என்று சொல்வதோடு நிற்காது. வஹாக்கா, ஹலிஸ்கோ, சொனோரா, யூகடான் என்று எந்தப் பக்கத்துச் சமையல் என்பதையும் சொல்லிவிடும். செட்டிநாட்டு மெஸ்ஸில் உட்கார்ந்து மலபார் பிரியாணி கேட்க மாட்டோம் அல்லவா? அதே கணக்குதான்.

வஹாக்கா சமையலுக்கு கொரியாடவுனில், ஒலிம்பிக் சாலையில் உள்ள கெலகெட்சா. 1994 முதல் நடக்கிறது. 2015-ல், அமெரிக்க உணவகங்களுக்குத் தரும் ஜேம்ஸ் பியர்ட் விருதும் வாங்கியது. மிளகாய், எள், கொட்டை வகைகளை வறுத்து அரைத்து, கொஞ்சம் சாக்லேட் சேர்த்த கருப்பு மோலேயைக் கேளுங்கள். முதல் வாய்க்கு இனிப்பா, கசப்பா, காரமா என்று பிடிபடாது. அவசரப்படாமல் சாப்பிட வேண்டிய குழம்பு அது. பசியோடு ஓடிப்போய் விழுங்குகிற நாளில் அங்கே போகாதீர்கள்.

யூகடானுக்கு யு.எஸ்.சி. பல்கலைக்கழகம் அருகே மெர்காடோ லா பலோமா. ஒரே கூரைக்குக் கீழே பல கடைகள். அங்கே சிச்சேன் இட்சா என்ற கடையில் கொச்சினிதா பிபில் கிடைக்கும். பன்றி இறைச்சியில் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையின் விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் சுற்றி வேகவைப்பது. அதே கூரைக்குக் கீழே ஹோல்போஷ் என்ற கடல் உணவுக் கடை. 2024-ல் மிஷலின் நட்சத்திரம் பெற்ற பிறகும் கவுன்டரில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இப்படிப்பட்ட சங்கதிகளும் காரணம்.

கோதுமை டார்ட்டியா (மெல்லிய ரொட்டி) வேண்டுமென்றால் டவுன்டவுனில் சொனோராடவுன் என்ற கடை. சொனோரா கோதுமை விளையும் வடக்கு மாநிலம். அதனால் அங்கே டார்ட்டியாவும் கோதுமைதான். மற்ற இடங்களில் மக்காச்சோளத்தைக் கேளுங்கள். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, அரைத்த மாவுக்கு ஒரு வாசம் உண்டு. கடைக்குள் நுழையும்போதே அது மூக்கில் ஏறினால் உட்காரலாம். பாக்கெட்டைப் பிரித்துச் சூடாக்குகிற கடையில் உள்ளே வைக்கும் இறைச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு ஏறுவதில்லை.

நேரமும் முக்கியம். அல் பாஸ்தோர் என்பது செங்குத்தான கம்பியில் சுற்றும் பன்றி இறைச்சி. லெபனானிலிருந்து மெக்சிகோ போனவர்களின் ஷவர்மா வழி வந்தது. லா பிரேயாவும் வெனிஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில், பெட்ரோல் பங்க் ஓரம் லியோஸ் டிரக் நிற்கும். இரவில், கூட்டம் இருக்கும்போது போங்கள். அப்போதுதான் வெந்த மேல்பகுதியைச் சீவிச் சீவி நேராக டாகோவில், அதாவது மடித்துச் சாப்பிடும் சின்ன டார்ட்டியாவில், போடுவார்கள். கூட்டமில்லாத நேரத்தில் எந்தக் கடையிலும் முன்பே சீவி வைத்ததைக் கல்லில் சூடாக்கித் தர வாய்ப்பு அதிகம். மெனுதோ (குடல் சூப்), பார்பகோவா (நெடுநேரம் வேகவைத்த இறைச்சி) போன்றவற்றைப் பல கடைகளில் சனி, ஞாயிறு காலைதான் செய்வார்கள். மத்தியானம் எழுந்து போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: நான் சைவம், கணவர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. எங்களுக்கும் வழி உண்டா? (அர்வைனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உண்டு, ஆனால் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். பல கடைகளில் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். கோதுமை டார்ட்டியாவிலும் கொழுப்பு இருக்கலாம். "சின் மன்தேகா?" என்று கேட்டால் கொழுப்பில்லாமலா என்று கேட்பது புரியும். மோலேயிலும் பெரும்பாலும் கோழிச் சாறு சேரும். உங்களுக்கு ஓரளவு பாதுகாப்பானது பூசணிப் பூவோ, ஹுயித்லகோச்சே என்ற சோளப் பூஞ்சையோ வைத்த கெசடியா, அதாவது சீஸ் வைத்து மடித்த டார்ட்டியா. கருப்பாக இருக்கிறதே என்று பூஞ்சையை ஒதுக்கிவிடாதீர்கள், காளான் மாதிரி அருமையாக இருக்கும். மெக்சிகோக்காரர்களும் அதை விசேஷமாகத்தான் நினைக்கிறார்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: கார்னே அசாதா என்றால் மாடு. பிரியா என்ற இறைச்சிக் குழம்பு ஹலிஸ்கோவில் ஆட்டுக்குப் பேர்போனது. இந்த ஊரில் மாட்டில் செய்பவர்களே நிறைய. "சீவோ" என்றால் ஆடு, "ரெஸ்" என்றால் மாடு. ஆர்டர் கொடுக்கும் முன் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொள்ளட்டும். பாயில் ஹைட்ஸில் ஒலிம்பிக் சாலையில் நிற்கும் மரிஸ்கோஸ் ஹலிஸ்கோ டிரக்குக்குப் போனால் அந்தக் கவலையே வேண்டாம். இறாலை வைத்து மடித்துப் பொரித்த டாகோ, மேலே சல்சாவும் அவகாடோவும். சூடு ஆறுவதற்குள், காரில் ஏறுவதற்கு முன்பே, நின்றபடி சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளியே 'ஏ' என்று ஒட்டியிருக்கும் கடைக்குத்தான் போக வேண்டுமா? (பசடேனாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அது சுத்தத்துக்குக் கவுன்டி தரும் மதிப்பெண். 1998-லிருந்து ஒட்டுகிறார்கள். சமையலுக்குத் தரும் மதிப்பெண் இல்லை. 'சி' என்றால் நானும் நுழைய மாட்டேன். 'பி' என்றால் உள்ளே யார் சாப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன்.

கேள்வி: டாகோ ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது? ஒன்று போதவில்லையே! (செரிட்டோஸிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: ஒன்று வாங்கச் சொன்னது யார்?