கேளுங்க மக்களே: மூச்சு முட்டுது, மாஸ்க்கக் கழட்டலாமா?

2020 அக்டோபர் இதழுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல மாஸ்க் பத்தித்தான், அதுலயும் கடையில நின்னு வேலை பாக்குறவங்க எழுதுனதுதான் நிறைய. அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த தடவைக்கு வச்சிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: நான் ஒரு சூப்பர் மார்க்கெட்ல சூப்பர்வைசர். மொத்தம் பதினாலு பேரு. பில் போடுற ஒரு பிள்ளைக்கு சின்னதுல இருந்தே வீசிங் உண்டு. நாள் முழுக்க மாஸ்க் போட்டா மூச்சு முட்டுதுன்னு அழுவுதா. கழட்டுனா கஸ்டமர் சத்தம் போடுதாங்க. முதலாளி, போட முடியலன்னா வீட்டுல இருக்கச் சொல்லுங்காரு. கூட உள்ள பிள்ளைங்க அவளுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமான்னு கேக்குதுங்க. அவ சம்பளத்துலதான் அந்த வீடு ஓடுது. அவளுக்கு விலக்கு குடுக்கலாமா?
வாசகர், தக்கலை

பதில்: அந்தப் பிள்ளைய பில் கவுண்டர்ல இருந்து எடுங்க, வேலையில இருந்து எடுக்காதீங்க. மாஸ்க் இல்லாம கவுண்டர்ல உக்காத்தவும் செய்யாதீங்க.

எனக்கும் வீசிங் உண்டு, இருபது வருஷமா பஃப் கையில இல்லாம வெளிய போனதில்ல. ஊரடங்கு தளர்ந்து பஸ் விட்ட பெறவு மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவிலுக்கு மாஸ்க் போட்டுட்டுப் போன மொத நாளு, பாதி வழியில இறங்கிரலாம்னு ஆயிப்போச்சு, அவ்வளவு முட்டல். பெறவு பாத்தா நான் வாங்குனது குடைத்துணி மாதிரி வழுவழுன்னு ஒரு நைலான், அதுல காத்து எப்பிடிப் போகும்? பழைய பருத்தித் துணியில மூணு அடுக்கா தச்சுப் போட்டேன், இப்ப அதே பஸ்ல அதே தூரம் போயிட்டு வாறேன். அதனால மொதல்ல அந்தப் பிள்ளை என்ன மாஸ்க் போட்டிருக்கான்னு பாருங்க. உலக சுகாதார நிறுவனமும் ஜூன்ல பொதுமக்களுக்கு மூணு அடுக்கு துணி மாஸ்க்தான் சொல்லிச்சு. இந்த ஐப்பசி மழையில துவைச்சுப் போட்டது காயாது, வேர்வையில நனைஞ்சாலும் அப்பிடித்தான், ஈரத்துணி வழியா மூச்சு விடவே முடியாது, அதனால ஒரு ஷிப்டுக்கு மூணு மாஸ்க் வேணும், அதக் கடையே வாங்கிக் குடுக்கணும். வீசிங் உள்ள எல்லாருமே மாஸ்க் போடக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல, நோய் கட்டுக்குள்ள இருந்தா பெரும்பாலும் போட முடியும். கட்டுக்குள்ள இருக்கான்னு டாக்டர்தான் சொல்லணும், அந்தப் பிள்ளைய சம்பளத்தோட ஒரு நாள் லீவு குடுத்து ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மூச்சு விட ரொம்பக் கஷ்டப்பட்டாலோ விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன் 94-க்குக் கீழ காட்டுனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க.

டாக்டர் பாத்தும் முடியலன்னா? அப்பவும் கவுண்டர்ல மாஸ்க் இல்லாம வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒரு நாளைக்கு எத்தன முகம் அவ முன்னால வந்து நிக்குது, அதுல பாதிப் பேரு பேசுறதுக்குன்னே மாஸ்க்கத் தாடைக்கு இறக்குவாங்க. கொரோனா நுரையீரலப் பிடிக்கிற நோய், ஏற்கனவே மூச்சுக்கு அல்லாடுற பிள்ளைய அதுக்கு முன்னால வெறும் முகத்தோட உக்காத்துறது கருணை இல்ல. சட்டமும் விடாது, போன மாசம் 1939-ஆம் வருஷத்து பொது சுகாதாரச் சட்டத்தத் திருத்தி, மாஸ்க் போடாத ஆளுக்கு 200 ரூவா, விதிய மீறுற கடைக்கு 5,000 ரூவான்னு அபராதம் வச்சாச்சு.

வேற என்ன வேலை குடுக்கன்னு கேப்பீங்க. குடோனுக்கு அனுப்பிராதீங்க, நிறைய கடையில அதத்தான் செய்யுதாங்க, மிளகாப்பொடி, மைதா, அரிசிச் சாக்குத் தூசின்னு வீசிங்குக்கு அத விட மோசமான இடம் கடைக்குள்ள கிடையாது. இப்ப எல்லாக் கடையிலயும் வாட்ஸ்அப்ல லிஸ்ட் வாங்கி வீட்டுக்குக் கொண்டு குடுக்குறாங்க இல்லியா, அந்த போன் வேலையக் குடுங்க. ஜன்னல் உள்ள ஒரு ரூம்ல தனியா இருந்தா மாஸ்க் இல்லாமலே இருக்கலாம். சம்பளத்துல ஒரு ரூவா குறையக்கூடாது. கூட உள்ள பிள்ளைங்கள்ட்ட அவளுக்க நோயப் பத்தி விளக்கம் சொல்லிட்டு இருக்காதீங்க, அது அவளுக்க சொந்தக் காரியம், வேலைய மாத்தியிருக்கோம்னு மட்டும் சொன்னாப் போதும்.

அந்தப் பிள்ளைங்க கோவத்துலயும் ஒரு நியாயம் இருக்கு, அத விட்டுராதீங்க. பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே, தண்ணி குடிக்கக்கூட நேரம் இல்லாம மாஸ்க் போட்டா எந்த ஆரோக்கியமான ஆளுக்கும் தல கிறுகிறுக்கும். களியக்காவிளை தாண்டுனா கேரளத்துல 2018-லயே கடை ஊழியருக்கு உக்காரதுக்கு சட்டத்துல உரிமை வந்தாச்சு, இங்க இந்த 2020 அக்டோபர் வரைக்கும் இல்ல, ஆனா நாலு ஸ்டூல் வாங்கிப் போட சட்டம் வரணும்னு இல்லியே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம், ஒவ்வொருத்தரா பின்வாசல் வழியா வெளிய போய் மாஸ்க்கக் கழட்டி காத்து வாங்கட்டும்.

இன்னொண்ணு, நீங்க எழுதல, ஆனா கட்டாயம் பாருங்க: மத்தியானச் சாப்பாடு. கடைக்குள்ள அவ்வளவு ஒழுங்கா மாஸ்க் போட்டிருந்த பிள்ளைங்க ஒண்ணுபோல ஒரு சின்ன ரூம்ல போய், கதவச் சாத்தி, எதிரும் புதிருமா உக்காந்து, மாஸ்க்கக் கழட்டி, கறிய மாத்தி மாத்திக் குடுத்து, சிரிச்சுப் பேசி அரை மணி நேரம் சாப்பிடுதுங்க. நாள் முழுக்கப் பட்ட பாடு அந்த அரை மணி நேரத்துல போயிரும். ரெண்டு ரெண்டு பேரா, மழை இல்லாத நாள்ல வெளிய, மழைன்னா ஜன்னலத் திறந்து வச்சு சாப்பிட வைங்க.

கேள்வி: எனக்க அண்ணன் இங்கிலாந்துல ஒரு சூப்பர் மார்க்கெட்ல வேலை பாக்கான். அங்க மாஸ்க் போட முடியாதவங்களுக்கு விலக்கு கார்டு உண்டாம், கழுத்துல சூரியகாந்திப் பூ போட்ட பட்டை மாட்டுவாங்களாம். அத இங்க பிரிண்ட் எடுத்து மாட்டுனா போலீஸ் விடுமா?
வாசகி, கருங்கல்

பதில்: விடாது மக்களே. உங்க அண்ணன் சொல்லுறது அங்க உண்மைதான். இங்கிலாந்துல கடைக்கு வாறவங்களுக்கு ஜூலை 24-ல இருந்தும், கடை ஊழியருக்கு செப்டம்பர் 24-ல இருந்தும்தான் மாஸ்க் கட்டாயமாச்சு, ஊழியருக்கு ரெண்டு மாசம் பிந்தினது எனக்குப் பெரிய தப்பாத் தெரியுது. உடல்நிலையால முடியாதவங்களுக்கு அங்க விதியிலயே விலக்கு இருக்கு, டாக்டர் சீட்டுகூடக் காட்ட வேண்டாம். அந்தப் பூப்பட்டை மாஸ்க்குக்குன்னு வந்ததும் இல்ல, வெளிய தெரியாத குறைபாடு உள்ளவங்க உதவி தேவைன்னு காட்டுறதுக்கு 2016-ல காட்விக் விமான நிலையத்துல தொடங்குனது. வெறும் சிரமத்துக்காக அத மாட்டுனா, உண்மையிலயே தேவைப்படுற ஆளையும் நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க. பிரிண்ட் எடுக்காதீங்க.

கேள்வி: என் தம்பிக்குக் காது கேக்காது, ஒரு கடையில சாமான் கட்டிக் குடுக்கான். முன்ன வாயசைவப் பாத்துப் புரிஞ்சிக்குவான். இப்ப எல்லாரும் மாஸ்க் போட்டதும் அவன் தனியாயிட்டான், கடையில திட்டும் வாங்குதான்.
வாசகி, குளச்சல்

பதில்: படிச்சதும் மனசு ரொம்பக் கனத்துப் போச்சு. எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடுனப்ப இப்பிடி ஒரு பிள்ளைக்க காது ரெண்டாவது தடவ அடைபடும்னு நம்மில எத்தன பேரு நினைச்சோம்? வாய் இருக்குற இடத்துல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வச்ச மாஸ்க் தைக்கலாம், தெரிஞ்ச டெய்லர்ட்ட சொல்லி, அவன்கூட அதிகம் பேசுற ரெண்டு மூணு பேருக்கு மட்டும் முதல்ல தச்சுக் குடுங்க. ஒரு சிலேட்டு, இல்லன்னா போன்ல டைப் அடிச்சுக் காட்டுறது. அவன் சட்டையில ‘எனக்குக் காது கேக்காது, எழுதிக் காட்டுங்க’ன்னு ஒரு அட்டை, ஆனா அவன் சம்மதிச்சா மட்டும். திட்டுற ஆள்ட்ட நீங்களே நேர்ல போய்ப் பேசுங்க, கடிதம் வேண்டாம்.

கேள்வி: மாஸ்க்குக்குப் பதிலா முகத்துக்கு முன்னால பிளாஸ்டிக் ஷீல்டு போட்டா போதுமா? வால்வு வச்ச என்95 எப்பிடி?
வாசகர், குலசேகரம்

பதில்: ஷீல்டு மட்டும் போதாது, ரெண்டு பக்கமும் கீழயும் திறந்துதானே கிடக்கு. வால்வு வச்சது வேண்டாம், நாம விடுற மூச்சு அதுல வடிகட்டாம நேரா வெளிய வருது, ஜூலையிலயே மத்திய அரசு அத எச்சரிச்சிருக்கு.

கேள்வி: கடைக்குப் போட்ட அபராதத்த எங்க சம்பளத்துல பிடிச்சிட்டாங்க. மாஸ்க் அவங்க ஒண்ணுகூடத் தரல.
பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: ஆகஸ்ட் 28-ல நம்ம எம்.பி. வசந்தகுமார் அவர்கள் கொரோனாவுல இறந்தப்ப இந்த மாவட்டமே பயந்துச்சு, அதுக்குப் பெறவும் ஊழியருக்கு ஒரு மாஸ்க் வாங்கித் தராத முதலாளி இருக்காருன்னா கோவம்தான் வருது. நினைச்சபடி சம்பளத்துல பிடிக்க முடியாது, எதெதுக்குப் பிடிக்கலாம்னு 1947-ஆம் வருஷத்து கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல வரையறை இருக்கு. எவ்வளவு பிடிச்சாங்க, எந்தத் தேதின்னு எழுதி வையுங்க, தனியாப் போகாம நாலு பேரு சேர்ந்து மொதல்ல முதலாளிட்ட கேளுங்க, தரலன்னா நாகர்கோவில்ல தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுங்க.