ஜனவரியில் டெல்லியில் பிரசவம்: எந்த உடுப்பு, எங்கே திறக்க வேண்டும்?

கேள்வி: மயூர் விஹாரில் இருக்கிறோம். ஜனவரி மூன்றாவது வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், தலைப்பிரசவம். குளிருக்குப் பயந்து முழுக்கை தெர்மல் மூன்று செட்டும் கழுத்து மூடிய ஸ்வெட்டர் இரண்டும் வாங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கவுன் தருவார்களாம். தஞ்சாவூரிலிருந்து வரும் அம்மா, வயிறு கட்டப் பழைய காட்டன் புடவைகளை எடுத்துவைத்துவிட்டார். சிசேரியன் ஆனால் உள்பாவாடை கட்டலாமா? எதை எடுத்துப்போவது, எதை விடுவது?

பதில்: தெர்மல் வீணாகாது, ஆனால் ஆஸ்பத்திரிப் பையில் அதற்கு இடம் வேண்டாம். பிரசவ நேரத்துக்கும் அடுத்து வரும் ஆறு வாரத்துக்கும் உடுப்பு எடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: போட்டிருப்பதைக் கழற்றாமலே கை, மார்பு, அடிவயிறு, இடுப்புக்குக் கீழ் என்று நாலு இடத்துக்கும் கை எட்ட வேண்டும். ஒரு கையில் டிரிப் ஊசி ஏறும், மறு கையில் பிபி பட்டை. வயிற்றின் மேல் குழந்தையின் துடிப்பையும் வலியையும் பதிவு செய்ய இரண்டு பெல்ட். எபிடியூரல் (முதுகில் போடும் வலிநீக்க ஊசி) கேட்டிருந்தால் இடுப்பெலும்பு மட்டத்தில் முதுகு திறந்திருக்க வேண்டும். தலைவழியாகக் கழற்றும் முழுக்கை உடுப்பு இதில் எதற்கும் ஒத்துவராது. டிரிப் போட்டபின் அதைக் கழற்ற வேண்டுமானால் பாட்டிலையும் குழாயையும் சேர்த்துச் சட்டைக் கைக்குள் நுழைத்து எடுக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் கத்தரிக்கோல்தான்.

வலி தொடங்கி வீட்டில் இருக்கும் நேரத்துக்குப் பழைய காட்டன் நைட்டி போதும். அதற்குள் வெள்ளை நாப்கின் வையுங்கள். பனிக்குடம் உடைந்தால் நீரின் நிறம் அதில்தான் தெரியும். நிறமில்லாமலோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. சிவப்பாக ரத்தம் கொட்டினாலும் அப்படியே. கறுப்பு லெக்கிங்ஸில் இந்த வித்தியாசம் எதுவுமே தெரியாது.

ஆஸ்பத்திரிக் கவுனைக் கூச்சத்தால் மறுக்க வேண்டாம். பின்பக்கம் திறந்திருப்பதுதான் அதன் பயன், அழுக்கானாலும் துவைப்பது உங்கள் வேலையில்லை. நடக்கும்போது முதுகு மறைய இரண்டாவது கவுனை முன்பக்கம் திறந்த கோட்டு மாதிரி மேலே போட்டுக்கொள்ளலாம், கேட்டால் தருவார்கள். சில இடங்களில் சொந்த நைட்டியையே அனுமதிப்பார்கள். எது வழக்கம் என்று 36-ம் வாரத்துப் பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

பிரசவ அறை குளிரும் என்று நினைத்துத்தான் பலரும் அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு போகிறார்கள். பிறக்கும் குழந்தைக்காக அந்த அறையைக் குறைந்தது 25 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது விதி. வெளியே இரவில் 5 டிகிரி இருந்தாலும் உள்ளே முக்கும்போது வியர்த்துக் கொட்டும். குழந்தை பிறந்த சற்று நேரத்தில் உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம் பலருக்கு வரும், எபிடியூரல் போட்டவர்களுக்கு இன்னும் அதிகம். இது பெரும்பாலும் காய்ச்சல் அல்ல, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். அந்த நேரத்துக்குத் தேவை ஒரு சால்வையும், அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸும். சாக்ஸின் மேல்பட்டி கெண்டைக்காலை இறுக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரமும் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும் காலம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் குளிர் என்று தள்ளிவிடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அறுவைக்குப் பின் ஆஸ்பத்திரியே தரும் இறுக்கமான நீள சாக்ஸ் வேறு. அது அளவெடுத்துத் தருவது, அவர்கள் சொல்லும் வரை கழற்ற வேண்டாம்.

நகை விஷயம் சுருக்கமாக. மெட்டியை 36-ம் வாரத்திலேயே சோப்பு போட்டுக் கழற்றுங்கள், கால் வீங்கியபின் வராது. தாலியைக் கொடியிலிருந்து மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அறுவை அரங்கில் ரத்தக் குழாயைச் சுட்டு மூட மின்கருவி பயன்படுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. வளைகாப்புக் கண்ணாடி வளையலோடு பிரசவ அறை வரை போவது பல வீடுகளில் வழக்கம். வாசலில் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டால் வழக்கமும் விட்டுப்போகாது, டிரிப் ஊசி போடவும் இடம் கிடைக்கும். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அடர்நிறப் பூச்சில் தவறாகக் காட்டலாம்.

நைட்டி வாங்கும்போது

ஆஸ்பத்திரிப் பைக்கு மூன்று அல்லது நாலு ஃபீடிங் நைட்டி போதும். ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவத்துக்கு இரண்டு நாள், சிசேரியனுக்கு மூன்று நாலு நாள் இருப்பீர்கள். நடுவில் ஒரே ஜிப் உள்ள நைட்டியானால் அது மார்பின் அடிப்பகுதியைத் தாண்டி இறங்க வேண்டும். கழுத்திலிருந்து ஒரு சாண் ஜிப் வைத்துவிட்டு ‘ஃபீடிங்’ என்று விற்பவை நிறைய, அவற்றில் மார்பை மேலே இழுத்துத்தான் பால் கொடுக்க முடியும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஜிப் வைத்தவை மேல். குளிரில் ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்துபாருங்கள். இடது கையை மடக்கிக் குழந்தையின் தலையைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஜிப்பை இறக்குங்கள். துணியும் சேர்ந்து கீழே வந்தால் அந்த ஜிப் ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை அழவைக்கும். ஜிப்புக்குப் பின்னால் துணிப்பட்டை இருக்கிறதா என்றும் விரலைவிட்டுப் பாருங்கள். பட்டை இல்லாத உலோகப் பல் குழந்தையின் கன்னத்தைக் கீறும், உங்களுக்கும் மார்பில் சில்லென்று படும். கை முழங்கை வரை, பிபி பட்டை ஏறும் அளவுக்கு அகலமாக. டெல்லிக் கடைகளில் ஜனவரியில் ஃபிளீஸும் வெல்வெட்டும்தான் முன்னால் தொங்கும், காட்டனைத் தேடி எடுக்க வேண்டும். அம்மா வரும்போதே ஊரிலிருந்து வாங்கிவரச் சொல்வது சுலபம். இங்கேயே வாங்குவதானால் சரோஜினி நகர், லாஜ்பத் நகர், கரோல் பாக் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். புதுத் துணியை இரண்டு முறை துவைத்துக் கஞ்சிப்பசை போனபின் பையில் வையுங்கள்.

சிசேரியனும் பாவாடை நாடாவும்

உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான். சிசேரியன் வெட்டு பெரும்பாலும் அடிவயிற்றில், மறைவிட முடி தொடங்கும் கோட்டை ஒட்டிக் குறுக்காக, 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கும். தொப்புளுக்குக் கீழே கட்டிய நாடா, நிற்கும்போது வெட்டுக்கு மேலே இருப்பதாகத்தான் தோன்றும். உட்கார்ந்து பால் கொடுக்கும்போது தளர்ந்த வயிறு மடிய, நாடா சரிந்து நேராகத் தையலில் போய் உட்காரும். முடிச்சு முன்பக்கம் இருந்தால் குழந்தையின் எடையும் அதன் மேல் அழுந்தும். சாதாரண பேன்டியின் எலாஸ்டிக்கும் சரியாக அதே கோட்டில்தான் வரும்.

இன்னொரு சங்கதியைப் பலரும் சொல்வதில்லை. வெட்டைச் சுற்றியுள்ள தோல் மாதக்கணக்கில் மரத்துப் போயிருக்கும். எலாஸ்டிக் உரசிப் புண்ணாக்கினாலும் உங்களுக்கு வலிக்காது. அதனால் குளித்தபின் தினமும் கண்ணாடியில் பாருங்கள், அல்லது அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்து பரவுவது, நீரோ சீழோ கசிவது, தையல் வாய் திறப்பது, 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், இதில் எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

ஆக, முதல் இரண்டு மூன்று வாரம் நைட்டியே நல்லது. புடவைதான் வேண்டும் என்றால் நாடாவை உருவிவிட்டு நாலு சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் கோத்த பாவாடையைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிப் போடுங்கள். நாடாவே என்றால் முடிச்சைப் பக்கவாட்டுக்குத் தள்ளுங்கள். பேன்டி தொப்புளை மூடும் உயரத்தில், கர்ப்பகால அளவைவிட ஒன்று பெரியதாக, ஆறு முதல் எட்டு வரை வாங்கிவையுங்கள். தெர்மல் பேன்ட்டின் இடுப்பு எலாஸ்டிக்கும் இதே தொல்லைதான் தரும். அதற்குப் பதில் முழங்கால் வரை வரும் தளர்வான கம்பளிக் காலுறையை நைட்டிக்குள் போட்டால் குளிரும் அடங்கும், இடுப்பும் தப்பும்.

சுகப்பிரசவத்தில் தையல் விழுந்திருந்தால் பிரச்சினை வேறு. பிளாஸ்டிக் வலை மேல்பரப்புள்ள நாப்கின் தையல் நூலில் மாட்டி இழுக்கும். பஞ்சு மேல்பரப்புள்ள நீளமான மெட்டர்னிட்டி பேட் வாங்குங்கள். முதல் இரண்டு நாள் பெரியவர்களுக்கான டயப்பர் பேன்ட் பெரிய சௌகரியம், கூச்சப்பட எதுவுமில்லை. எதுவானாலும் மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உதிரப்போக்கு முதல் சில நாள் சிவப்பாக, பிறகு பழுப்பாக, பிறகு வெளுத்து, நாலு முதல் ஆறு வாரம் வரை போகும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஆறு வாரத்துக்கு டாம்பூன், மாதவிடாய்க் கப் இரண்டும் கூடாது.

அம்மாவின் காட்டன் புடவை

வயிறு கட்டினால் கருப்பை சுருங்கும் என்பது சரியல்ல. பிறந்த அன்று தொப்புள் மட்டத்தில் இருக்கும் கருப்பை, நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடையாக இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதன் கணக்கு அதுதான். ஆனால் அம்மா கட்டிவிடுவதில் வேறொரு பயன் உண்டு: எழும்போதும் நடக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்கு ஒரு பிடிமானம். சிசேரியன் ஆனவர்களுக்கு வயிற்றுப் பெல்ட் நடக்கும்போது வலியைக் குறைக்கலாம். ஆகவே அம்மாவிடம் வேண்டாம் என்று சண்டை போடாமல், எவ்வளவு இறுக்குவது என்று பேசுங்கள்.

எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்ட பிறகு, மெல்லிய காட்டன் துணிக்கு மேல் கட்டுங்கள். கட்டியபின் உள்ளங்கை உள்ளே நுழைய வேண்டும், ஆழமாக மூச்சுவிட முடிய வேண்டும். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும், ஏற்கனவே நலிந்திருக்கும் இடுப்புத் தளத் தசைகளை இன்னும் தள்ளும். சிறுநீர் அடக்க முடியாமல் கசிவதும் கீழே பாரமாகத் தோன்றுவதும் அதன் அறிகுறி. நடக்கும் நேரத்துக்குக் கட்டி, படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

மார்பும் குளிரும்

பால் நன்றாக இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள். அப்போது மார்பு கனத்துப் பருக்கும். பிராவை 36-ம் வாரத்துக்குப் பிறகு அளவெடுத்து, கப் ஒரு அளவு பெரியதாக, கடைசி வரிசை ஹூக்கில் தளர்வாக நிற்கும்படி வாங்குங்கள். பிரசவத்துக்குப் பின் விலாக்கூடு சுருங்கும்போது உள்வரிசை ஹூக்குக்கு மாறலாம். கம்பி வைத்ததும், ஓரத்தில் அழுந்தித் தடம் பதிப்பதும் வேண்டாம், பால் கட்டிக்கொள்ளும். ஒழுகும் பாலுக்கு மல் துணியை நாலாக மடித்து 10 சென்டிமீட்டர் வட்டமாகத் தைத்த பேட் பன்னிரண்டு இருந்தால் போதும். நனைந்ததும் மாற்றுங்கள், குளிரில் ஈரத்தோடு விட்டால் காம்பு வெடிக்கும்.

ஸ்வெட்டர் முன்பக்கம் பட்டன் வைத்ததாக இருக்கட்டும். டிரிப் இருக்கும்வரை கையில்லாத ஸ்வெட்டர்தான் உதவும். கழுத்து மூடிய இரண்டையும் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், ராத்திரி பெஞ்சில் உட்காருபவருக்கு அது வேண்டியிருக்கும். குழந்தையை மார்போடு வெற்றுடம்பில் அணைத்து, இருவருக்கும் சேர்த்துச் சால்வை போர்த்துவது எந்தக் கம்பளியைவிடவும் சூடு. குழந்தையின் முகம் மட்டும் திறந்தே இருக்கட்டும், கம்பளி நேராகப் படும் இடத்தில் காட்டன் துப்பட்டா ஒன்று விரியுங்கள்.

பச்சை உடம்புக்காரிக்குக் காதை மூடு, கட்டு, போர்த்து என்று அம்மா விடமாட்டார். காதில் பஞ்சு வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் முதல் சில வாரம் ராத்திரியில் வியர்த்துக் கொட்டும், கர்ப்பத்தில் சேர்ந்த நீர் வெளியேறும் வழி அது. கம்பளிக்கடியில் நனைந்த காட்டன்தான் உண்மையில் குளிரவைக்கும். தலைமாட்டில் மாற்று நைட்டி ஒன்று வைத்து, நனைந்ததைக் கழற்றுங்கள். வியர்வையா காய்ச்சலா என்று சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டரை வையுங்கள், நெற்றியைத் தொட்டு முடிவுசெய்ய வேண்டாம். ரூம் ஹீட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி உட்காருங்கள். சாட்டின், ஃபிளீஸ், அக்ரிலிக் சால்வை எல்லாம் பற்றினால் உருகி உடம்பில் ஒட்டும். துணி காய, அறை சூடாக என்று மூடிய அறைக்குள் கரி அங்கீட்டி (கணப்பு அடுப்பு) வைக்கவே கூடாது, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு ஆளைக் கொல்லும். பனிமூட்ட நாளில் காட்டன் காய இரண்டு நாள் ஆகும் என்பதால் வீட்டில் மொத்தம் ஆறு நைட்டியாவது சுழற்சியில் இருக்கட்டும்.

வீட்டுக்குத் திரும்பும் நாளுக்குப் பழைய ஜீன்ஸ் எடுத்துப்போகாதீர்கள். அன்று வயிறு ஐந்தாறு மாதக் கர்ப்பம்போலத்தான் இருக்கும். ஆறாம் மாதத்தில் போட்ட குர்தா சரியாக இருக்கும். சீட்பெல்ட்டின் கீழ்ப்பட்டைக்கும் வெட்டுக்கும் நடுவே சிறிய டவலை மடித்து வையுங்கள்.

பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனச் சடங்குக்கு உங்கள் வீட்டில் மடிசார் கேட்பார்களானால், கால்களுக்கிடையே கொசுவம் போகும் கட்டு பேடோடும் தையலோடும் ஒத்துவராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறு கஜம் மெல்லிய பட்டு, முன்பக்க ஹூக் வைத்த ரவிக்கை போதும். பழைய ரவிக்கைகளில் ஓரத்தில் மடித்துவிட்ட துணி இருந்தால் அம்மா வந்ததும் தையல்காரரிடம் கொடுத்துப் பிரித்துவையுங்கள்.