குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அம்மை: வீட்டில் யார், எத்தனை நாள் ஒதுங்கியிருக்க வேண்டும்?

கேள்வி: சென்னையில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். எங்கள் நான்கு வயது மகனையும் ஒன்பது மாதப் பெண் குழந்தையையும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு (வயது 42) புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வியாழன் காலை நெஞ்சிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள் தெரிந்தன. சின்னம்மைதான் என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார். மகனுக்குப் பதினைந்தாவது மாதத்தில் ஒரு தடுப்பூசி போட்டதோடு சரி. கணவருக்கும் மாமியாருக்கும் (68 வயது, சர்க்கரை நோய் உண்டு) சிறு வயதில் அம்மை வந்திருக்கிறது. எனக்கு வந்ததா என்று தெரியவில்லை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். புதன்கிழமை மதியம் முதல் மாலை வரை, நான்கு மாதக் கர்ப்பிணியான என் தங்கை எங்கள் வீட்டில் இருந்துவிட்டுப் போனாள். அக்காவை விழுப்புரம் பக்கத்திலுள்ள அவருடைய ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடலாமா? நாங்கள் எத்தனை நாள் வீட்டோடு இருக்க வேண்டும்? அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். வீடு முழுவதும் கிருமிநாசினி தெளிக்க வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை காலை கிடைத்தது. அவசரமான மூன்று செய்திகளை அன்றே தெரிவித்துவிட்டேன்: மகனுக்கு உடனே இரண்டாவது தடுப்பூசி, தங்கையின் மகப்பேறு மருத்துவருக்குத் தொலைபேசி, அக்காவுக்கு அன்றைக்கே மருந்து. அவற்றின் காரணங்களையும், இதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடிய விவரங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பஸ் பற்றி. அனுப்ப வேண்டாம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்கு முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடுகிறது. அதாவது செவ்வாய்க்கிழமையிலிருந்தே உங்கள் வீட்டில் அனைவரும் அந்தக் காற்றைச் சுவாசித்திருக்கிறீர்கள். இப்போது அவரை வெளியே அனுப்புவதால் உங்கள் குழந்தைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. மூடிய பேருந்தில் மூன்று நான்கு மணி நேரம் அவருடன் பயணிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் கர்ப்பிணிக்கும், ஊரில் அவரை எதிர்கொள்ளும் பேரப்பிள்ளைகளுக்கும் ஏற்படும் ஆபத்தோ பெரியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் குழந்தைகளைப் பற்றிய கவலை நிறைய இருக்கிறது, அது இயல்பே. ஆனால் இந்த நோயால் இன்றைக்கு உங்கள் வீட்டிலேயே அதிக ஆபத்தில் இருப்பவர் அந்த அக்காதான். சின்னம்மை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போகும். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் அழற்சி போன்ற சிக்கல்கள் ஏற்படும் வாய்ப்புப் பல மடங்கு அதிகம். அவர் தாமாக விரும்பி ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டால், அங்கே அவருக்கென ஒரு தனி அறையும், அம்மை ஏற்கெனவே வந்துபோன ஒருவர் துணையும் இருக்குமானால், கண்ணாடியை இறக்கிவிட்ட தனி வாகனத்தில் அனுப்பலாம். ஓட்டுபவரும் அம்மை கண்டவராக இருக்க வேண்டும். எங்கே தங்குவது என்ற முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

அவருக்கு மருந்து கொடுக்கலாமா என்றால், கட்டாயம் கொடுக்க வேண்டும். அம்மைக்கு மருந்து கூடாது என்பது, பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலத்தில் உருவான கட்டுப்பாடு. 1975க்குப் பிறகு பெரியம்மை இந்தியாவில் இல்லை. ஆனால் அதற்கான விதிகள் சின்னம்மையின் மீது இன்னும் நீடிக்கின்றன. பெரியவர்களுக்கு வரும் சின்னம்மைக்கு அசைக்ளோவிர் மாத்திரை உண்டு. வழக்கமாக 800 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாட்களுக்கு மருத்துவர் எழுதித் தருவார்; சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் நீங்களாகவே கடையில் வாங்கித் தர வேண்டாம். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுபுரோஃபென் வேண்டாம், அது தோலில் கடுமையான கிருமித்தொற்று ஏற்படுவதோடு தொடர்புடையது. ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது; அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய, ஆபத்தான ஒரு விளைவை உண்டாக்கக்கூடும்.

வேப்பிலையைப் பற்றி மாமியாரோடு சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் செருகிய வேப்பங்கொத்தைப் பார்த்ததும் அந்த வீட்டுக்குள் விருந்தாளிகள் நுழையாமல் திரும்பிப்போன வழக்கம், எந்தச் சுகாதாரத் துறையும் அச்சிட்டு ஒட்டாத தனிமைப்படுத்தல் அறிவிப்பு. அதை இப்போதும் செருகி வையுங்கள். வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்து உடைந்த கொப்புளத்தின் மீது பூசுவதை மட்டும் தவிருங்கள். தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரை குளிக்கவே கூடாது என்பதும் சரியல்ல. தினமும் வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால், அரிப்பும் குறையும், புண்ணில் சீழ் பிடிப்பதும் குறையும். மூன்றாம் தண்ணீர் விடுவதை ஒரு சடங்காக வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நட்டமில்லை. பத்தியம் என்ற பெயரில் வெறும் கஞ்சியோடு நிறுத்தாமல், இளநீர், மோர், பருப்பு, முட்டை என அவர் சாப்பிடக்கூடிய எதையும் கொடுங்கள்.

கொப்புளம் தோன்றிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை அவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் மீட்டர் உங்கள் அலமாரியில் இருக்குமானால், காலையும் மாலையும் விரலில் மாட்டிப் பாருங்கள். அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விடாத இருமல் வந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தேவைப்பட்டால் 108ஐ அழையுங்கள். கிளம்புமுன் அம்மை நோயாளியை அழைத்து வருகிறோம் என்று தொலைபேசியில் சொல்லிவிடுவது அவசியம். புறநோயாளிகள் வரிசையில் அவரை உட்கார வைத்தால், அருகில் உட்கார்ந்திருக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கும் பச்சிளம் குழந்தைக்கும் இந்தக் கிருமி போய்விடும்.

இனி, வீட்டுக்குள் ஒதுக்கம். கூடத்தில் போட்ட சாம்பிராணிப் புகை எப்படி அறைகளுக்குள் நுழைகிறதோ அப்படித்தான் இந்தக் கிருமியும் காற்றில் பரவுகிறது. கொப்புளத்து நீரைத் தொடுவதாலும் பரவும். ஆகவே அவருடைய அறையின் கதவு மூடியிருக்க வேண்டும், தெருப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளியலறை ஒன்றுதான் என்றால், மற்றவர்கள் எல்லாரும் முடித்த பிறகு அவர் போகட்டும். போகும்போது முகக்கவசம் அணியட்டும். பிறகு ஜன்னலைத் திறந்தோ காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டோ அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கிருமிநாசினி தெளிப்பதற்கும் புகை போடுவதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம். இந்தக் கிருமி உடலுக்கு வெளியே அதிக நேரம் தாக்குப்பிடிப்பதில்லை. பாத்திரங்களைச் சோப்பால் கழுவுவதும், துணிகளைத் தனியே சலவைத்தூளில் துவைத்து வெயிலில் காயவைப்பதும் போதுமானவை.

அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவதும் காய்ச்சல் பார்ப்பதும் உங்கள் கணவரின் பொறுப்பாக இருக்கட்டும். இதுபோன்ற பணிகள் வீட்டுப் பெண்களின் தலையில்தான் வந்து விழும். ஆனால் இங்கே எதிர்ப்புச் சக்தி உறுதியாக உள்ளவர் அவர், உறுதியில்லாதவர் நீங்கள். உங்கள் மாமியாருக்கும் சிறு வயதில் வந்துவிட்டதால், சர்க்கரை நோய் இருந்தாலும் அவரைத் தனி அறையில் அடைக்க வேண்டியதில்லை. அம்மை நோயாளியிடமிருந்து முதியவர்களுக்கு அக்கி தொற்றும் என்று பலர் பயப்படுகிறார்கள். அக்கி என்பது அவரவர் உடலில் பழைய அம்மையிலிருந்து தங்கிவிட்ட கிருமி பிற்காலத்தில் விழித்தெழுவதால் வருவது. அது வெளியிலிருந்து வருவதில்லை.

மகனுக்கு வருவோம். முதல் தடுப்பூசி மட்டும் போட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் வரத்தான் செய்கிறது, ஆனால் பெரும்பாலும் லேசாக வரும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு தவணைகளைப் பரிந்துரைக்கிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லாததால், இரண்டாவது தவணை பல வீடுகளில் விட்டுப்போகிறது. கிருமி உடலில் நுழைந்த மூன்று நாட்களுக்குள், அதிகபட்சம் ஐந்து நாட்களுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ, கடுமையைக் குறைக்கவோ முடியும். செவ்வாயிலிருந்து கணக்கிட்டால் வெள்ளிக்கிழமை சிறந்த நாள், ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். அதனால்தான் அன்று அவ்வளவு அவசரப்படுத்தினேன். இந்த நாட்களைத் தவறவிட்டவர்களும் அடுத்த முறைக்காகப் போட்டுக்கொள்ளலாம்.

கைக்குழந்தைக்கு ஒரு வயது நிறையாததால் இந்த ஊசி போட முடியாது. ஒன்பதாம் மாதத்தில், பிறக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தியும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஆகவே குழந்தைக்கு நோய் வரலாம் என்று மனத்தளவில் தயாராக இருங்கள். நோய் எதிர்ப்பு இல்லாத ஒருவர் அம்மை நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது தொற்றிக்கொள்கிறது. ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலோர் சிக்கலின்றித் தேறிவிடுவார்கள். முதல் கொப்புளத்தைப் பார்த்த அன்றே குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத தூக்கம், வேகமான மூச்சு, வலிப்பு, கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல், நான்கு நாட்களுக்குப் பின்னும் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

நீங்கள் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்: சின்னம்மைக்கான ஐஜிஜி, அதாவது அந்த நோய்க்கான எதிர்ப்புச் சக்தி உடலில் இருக்கிறதா என்று காட்டும் எதிர்ப்பொருள். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் குழந்தைப் பருவத்தில் அம்மை வராமலேயே வளர்ந்த பெரியவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், ஆகவே வந்திருக்கும் என்று நாமாக முடிவு செய்ய முடியாது. முடிவு அதே ஐந்து நாட்களுக்குள் கிடைக்காது என்று தோன்றினால், நீங்கள் கர்ப்பமாக இல்லாதபட்சத்தில், காத்திராமல் ஊசியைப் போட்டுக்கொள்வதே மேல். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் ஊசியால் தீங்கில்லை. பால் கொடுப்பது அதற்குத் தடையல்ல. இரண்டாவது தவணை நான்கு முதல் எட்டு வாரம் கழித்து. ஊசிக்குப் பிறகு கருத்தரிப்பதை எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கையைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவர் வந்துபோன புதன்கிழமை, அக்காவுக்குக் கொப்புளம் வருவதற்கு முந்தைய நாள். அதாவது தொற்று பரவும் நாள். ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே தொற்று வாய்ப்பு உண்டு என்று கொள்கிறோம், அவரோ மதியம் முழுவதும் இருந்திருக்கிறார். அவருக்குச் சிறு வயதில் அம்மை வந்தது உறுதி என்றாலோ, இரண்டு தவணை ஊசி போட்டிருந்தாலோ அச்சமில்லை. இல்லாவிட்டால் ஐஜிஜி பரிசோதனை உடனே செய்ய வேண்டும். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால், தொற்று நேர்ந்த பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (ஆயத்தமான எதிர்ப்பொருள்) ஊசி போடலாம். அது கிடைப்பது அரிது. ஏழாம் நாளிலிருந்து அசைக்ளோவிர் தொடங்குவது இன்னொரு வழி. எது பொருத்தம் என்பதை அவருடைய மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். கர்ப்ப காலத்தில் அம்மைத் தடுப்பூசி மட்டும் போடவே கூடாது. இருபது வாரத்துக்கு முன் தாய்க்கு அம்மை வந்தால் கருவுக்குக் குறைபாடு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவிலேயே உள்ளது. தாய்க்கு நுரையீரல் அழற்சி வருவதுதான் உடனடி ஆபத்து. கருவைக் கலைத்துவிடலாமா என்று உறவினர்கள் பேசத் தொடங்குமுன் இந்த அளவை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு இரண்டு கணக்குகள் உள்ளன. இரண்டையும் கலந்துவிடுவதால்தான் குழப்பம். நோயாளியின் கணக்கு: கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள், பெரியவர்களுக்குச் சற்றுக் கூடலாம். நோயாளியோடு இருந்தவர்களின் கணக்கு: தொற்று நேர்ந்ததிலிருந்து எட்டாம் நாள் முதல் இருபத்தோராம் நாள் வரை. உங்கள் வீட்டில் அது அடுத்த வாரம் புதன்கிழமை தொடங்கி, அக்காவைத் தனி அறைக்கு மாற்றிய நாளிலிருந்து மூன்று வாரம் முடியும்வரை நீடிக்கும். கணவரும் மாமியாரும் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்கள் வழக்கம்போல் வெளியே போகலாம். நீங்கள் பரிசோதனை முடிவு வரும்வரை அலுவலகத்தில் வீட்டிலிருந்து வேலை கேளுங்கள். மகன் குறித்த நாளுக்குள் ஊசி போட்டிருந்தால் பள்ளிக்குப் போகலாம். ஆனால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு, தினமும் காலையில் சட்டையைக் கழற்றி உடம்பைப் பார்த்த பிறகே அனுப்புங்கள். கைக்குழந்தையை அந்த இரண்டு வாரமும் காதுகுத்து, கல்யாணம், கோவில் என்று எங்கும் தூக்கிச் செல்ல வேண்டாம். குழந்தைக்கு நோய் வந்தால், உங்களில் எதிர்ப்புச் சக்தி இல்லாத யாராவது இருப்பின் அவர்களுக்கு மட்டும் கணக்கு மறுபடி தொடங்கும். மொத்தத்தில் ஐந்தாறு வாரம் ஆகலாம் என்று எண்ணி விடுப்பைப் பிரித்து வையுங்கள். முதல் வாரத்திலேயே கணவன் மனைவி இருவரும் எல்லா விடுப்பையும் தீர்த்துவிட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: அக்காவின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். இது தருமம் பற்றிய பேச்சல்ல. காய்ச்சல் என்று சொன்னால் கூலி போகும் என்று தெரிந்த எவரும் அடுத்த முறை காய்ச்சலை மறைத்துக்கொண்டே குழந்தையைத் தூக்குவார்கள்.

அவர் எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டிய பிறகு, புதிதாக எதுவும் தோன்றாமல் இருந்தால், அறையை விட்டு வெளியே வரலாம். பொருக்கு உதிரவும் தழும்பு மறையவும் காத்திருக்க வேண்டியதில்லை. உடம்பில் தெம்பு திரும்பியதும் குழந்தையை அவர் தூக்கலாம். அதற்குள் கைக்குழந்தைக்கு அம்மை கண்டிருந்தால்கூட, அருகிலிருந்து பார்த்துக்கொள்ளத் தகுந்தவர்களில் அவரும் ஒருவர், ஏனெனில் அவருக்கு இனி அது பெரும்பாலும் வராது.