படபடப்போடதான் எழுதினேன்: பிளஸ் டூ பயம் பற்றிக் கேட்ட தங்கைக்கு

"பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. படித்ததெல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கிறது. தோழிகள் எல்லாரும் இரண்டு ரிவிஷன் முடித்துவிட்டார்கள். இந்த டென்ஷனை எப்படிப் போக்குவது?" இதுதான் கேள்வி.

நான் இந்தத் தேர்வை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவன். 2008 மார்ச்சில் எழுதினேன், சொதப்பினேன். இப்போது மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வருஷா வருஷம் மார்ச் வந்தால் வேறு ஏதாவது பள்ளியில் ஹால் சூப்பர்வைசர் டூட்டி போட்டுவிடுவார்கள். ஒரு அறைக்கு இருபது பிள்ளைகள். மூன்று மணி நேரம் அவர்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது.

முதலில் என் கதை. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அப்போது மொத்தம் 1200 மார்க், ஒரு பாடத்துக்கு 200. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 150, செய்முறை 50. முப்பது ஒன் வேர்டு, அப்புறம் மூணு மார்க், அஞ்சு மார்க், பத்து மார்க். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை பத்து மார்க் வரும் என்ற ப்ளூ பிரிண்ட் எனக்குத் தலைகீழ் மனப்பாடம். பாடம்தான் மனப்பாடம் ஆகவில்லை.

பிப்ரவரி முழுக்க நான் செய்த ஒரே உருப்படியான வேலை டைம்டேபிள் போட்டது. ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டி, பாடத்துக்கு ஒரு கலர் அடித்து, சுவரில் ஒட்டுவேன். இரண்டு நாளில் அது பின்தங்கிவிடும். கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று. ஐந்து டைம்டேபிள் போட்டேன். புத்தகத்தை எடுத்தால் வயிற்றைப் பிசையும். 'இந்தப் படபடப்பு கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் உட்காரலாம்' என்று மொட்டை மாடிக்குப் போவேன். அது அடங்கவே அடங்காது. இரவு பத்து மணிக்கு மேல் ரோஷம் வரும். ஃபிளாஸ்க் நிறைய டீ. மூன்று மணி வரை வரி வரியாக அடிக்கோடு போடுவேன். அடிக்கோடு போட்டதையெல்லாம் படித்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

இயற்பியல் அன்றைக்கு மூன்று மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தேன். அம்மா தட்டில் நாலு இட்லி வைத்தார். ஒன்று உள்ளே போனது. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் காதுக்குள் ஒரு ரீங்காரம். எழுத்து தெரிகிறது, வாசிக்கவும் முடிகிறது, ஆனால் எதுவும் உள்ளே இறங்கவில்லை. வான் டி கிராஃப் மின்னியற்றியை எட்டுத் தடவையாவது படம் வரைந்து பார்த்திருப்பேன். அன்றைக்கு அதைக் கேட்டார்களா இல்லையா என்பதுகூட இன்றைக்கு எனக்கு ஞாபகமில்லை. பக்கத்து பெஞ்சுப் பையன் இரண்டாவது பக்கம் திருப்பிய சத்தம் மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

கால் மணி நேரம் போயிருக்கும். ஹால் சூப்பர்வைசராக வந்த டீச்சர், எந்தப் பள்ளியோ என்ன பெயரோ, பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தண்ணி கொண்டாந்திருக்கியா தம்பி? ஒரு வாய் குடி. தெரிஞ்ச ஒன் வேர்டு ஒண்ண மட்டும் எழுது. ஒண்ணு போதும்."

ஏழாவது கேள்வி தெரிந்தது. எழுதினேன். அப்புறம் பதினொன்று. அப்புறம் மூன்று, நாலு. இருபது ஒன் வேர்டு தாண்டியபோது ரீங்காரம் நின்றிருந்தது. கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் அடிஷனல் ஷீட்டுகளைச் சேர்த்து நூலால் கட்ட வேண்டும். துளைக்குள் நூல் நுழையவில்லை, நுழைந்தால் முடிச்சு விழவில்லை. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்துக் கட்டினேன். பெல் அடித்துவிட்டது.

150-க்கு 97 வந்தது. செய்முறை 50 முழுசாகக் கிடைத்ததால் 147. வேதியியல் 168, கணக்கு 171. அந்த வருஷம் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கட் ஆஃப்: கணக்கு 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50-50. கூட்டிப் பார்த்தால் 164.25. நான் ஆசைப்பட்ட கல்லூரிக்கு அது எட்டாது. பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தேன். கவிழ்த்த பாடமே சோறு போடுகிறது, அது தனிக் கதை.

கணக்கையும் வேதியியலையும் அந்த அளவுக்காவது எப்படி எழுதினேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். இயற்பியல் முடிந்த அன்று சாயங்காலம் அழுதுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலை பதினொரு மணி வரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை. எழுந்தபோது படபடப்பு இருந்தது, ஆனால் அதோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. போன வருஷத்து மாதக் காலண்டர் ஒன்று பரணில் கிடந்தது. அந்தத் தாளின் பின்பக்கம் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். ஒரு பாடத்தை ஒரு தடவை வாசிப்பது, புத்தகத்தை மூடிப் பாயின் அடியில் தள்ளிவிடுவது, ஞாபகம் வந்ததை அந்தத் தாளில் கிறுக்குவது. எங்கே நின்றுபோகிறதோ அங்கே சிவப்பு மையில் ஒரு சுழி. அப்புறம் புத்தகத்தை எடுத்து அந்தச் சுழியை மட்டும் பார்ப்பது. முதல் நாள் தாள் முழுக்கச் சுழிதான். அசிங்கமாக இருந்தது. ஆனால் 'எல்லாம் மறந்துபோச்சு' என்ற பூதம் 'சமநிலை மாறிலியில் இரண்டு இடம் தெரியவில்லை' என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு இடத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

இப்போது என் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வாசித்துக்கொண்டே இருந்தால் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் வரும். மூடிவிட்டு எழுதிப் பார்த்தால்தான் ஏறியதும் ஏறாததும் தெரியும். அப்படித் தட்டுத் தடுமாறி எடுக்கும்போதுதான் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். படபடப்பு போகும் வரை காத்திருக்காதீர்கள் தங்கை. அது பாட்டுக்கு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

தூக்கம் பற்றி ஒரே வார்த்தை. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூங்கும்போதுதான். ராத்திரி பத்து மணிக்குக் குடித்த காபியில் பாதி, அதிகாலை மூன்று மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். நான் குடித்த டீயை எல்லாம் இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இனி மேசைக்கு இந்தப் பக்கமிருந்து. பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுப்போம். பத்து நிமிடம் வாசிக்க, ஐந்து நிமிடம் விடைத்தாள் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்கு எழுத ஆரம்பித்தால் 1.15 வரை. அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: தெரியாத கேள்வியைத் தேடுவது. கண் ஓரிடத்தில் நின்று, உதடு காய்ந்தால், ஒன்று சிக்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் மற்ற கேள்விகளை அவர்கள் வாசிப்பதே இல்லை. தெரிந்ததைத் தேடுங்கள். முதலில் எழுதப்போகிற நாலு கேள்வியை மட்டும் முடிவு செய்யுங்கள். மீதியைப் பதினொரு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

படபடப்பு ஏறினால் மூச்சை இழுப்பதை விட, விடுவதை நீட்டுங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறோ ஏழோ எண்ணி மெதுவாக விட வேண்டும். இதை வீட்டில் பழகாமல் ஹாலில் முதல்முறை செய்து பார்த்தால் அதுவே இன்னொரு டென்ஷன் ஆகிவிடும். கை வியர்ப்பவர்கள் கைக்குட்டையை நாலாக மடித்து உள்ளங்கைக்குக் கீழே வையுங்கள், தாள் நனையாது. மாதவிடாய் நாளாக இருந்தாலோ தலை சுற்றினாலோ கழிவறை போக வேண்டுமானாலோ எழுந்து சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நெளிந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கிற எனக்கே பாவமாக இருக்கும்.

இன்னொன்று, இதை முக்கியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 'எல்லாம் தப்பு' என்ற வெறியில் எழுதிய விடை அத்தனையையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எல்லாவற்றையும் தானே அடித்தால் ஒழுங்கீனம் என்று கணக்கு. அந்தத் தேர்வு முடிவு நிறுத்தப்படும், அடுத்த இரண்டு பருவம் எழுதவும் விடமாட்டார்கள். கோபம் வந்தால் பேனாவை மூடிக் கீழே வையுங்கள். அரைகுறை விடைக்கும் படிநிலை மார்க் உண்டு. வாய்பாடு ஒன்று சரியாக எழுதியிருந்தாலும் திருத்துகிறவர் அதற்கு உரியதைப் போடுவார். நானும் திருத்தப் போகிறவன்தான்.

ஃபெயில் ஆகிவிடுவோமோ என்ற பயத்துக்குக் கணக்கே மருந்து. இப்போது ஒரு பாடம் 100 மார்க், பாஸுக்கு 35. இயற்பியல் மாதிரி செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, அதில் குறைந்தது 15 வேண்டும். மீதி 30 செய்முறையும் அகமதிப்பீடும், அது பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். 70-இல் ஒன் வேர்டு மட்டுமே 15. ஐந்து மார்க் கேள்வி ஐந்திலும் 'அல்லது' உண்டு. சுமாராகப் படிக்கிற பிள்ளைகூட ஒரு தாளில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், விழ எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரியும். அப்படியே தவறினாலும் ஜூன் கடைசியில் துணைத்தேர்வு வந்துவிடுகிறது, அதே வருஷம் கல்லூரியில் சேரலாம். எங்கள் ஊரில் இன்றைக்கு நாலு கடை வைத்திருக்கிறவர் அப்படி எழுதியவர். அவர் பாஸான பாடத்தை யாரும் அவரிடம் கேட்பதில்லை.

வீடு. இதைப் பற்றிப் பேசினால் பெற்றோர் கோபப்படுவார்கள், பரவாயில்லை. மார்ச் மாதம் பிறந்ததும் டிவியை அணைத்து, குரலைத் தாழ்த்தி, வீட்டையே ஆஸ்பத்திரி மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அந்த அமைதிதான் பிள்ளையைப் பயமுறுத்துகிறது. என் பெரியம்மா தினமும் போன் போட்டு, "அய்யா, ஒன்ன நம்பித்தான் ஒங்கப்பா இருக்காரு" என்பார். பாசம்தான். போனை வைத்ததும் எனக்கு அரை நாள் ஓடாது. உங்கள் வீட்டில் யாராவது ஒருவரிடம், அம்மாவோ அக்காவோ, நேராகச் சொல்லிவிடுங்கள்: "பரிட்சை முடியுறவரைக்கும் எப்படி எழுதினேன்னு யாரும் கேக்க வேண்டாம்மா. சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க." நான் இதைச் சொல்லவில்லை. இயற்பியலுக்கு அப்புறம் எங்கம்மாவாகவே புரிந்துகொண்டு பெரியம்மா போனை எடுக்காமல் விட்டார்.

அதே போல, பரிட்சை முடிந்து வெளியே வந்ததும் கேட் பக்கத்தில் ஒரு கும்பல் கேள்வித்தாளை விரித்து ஒன் வேர்டு சரிபார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். சைக்கிளை எடுங்கள், வீட்டுக்குப் போங்கள். எழுதிய தாள் கட்டுக்கட்டிப் போய்விட்டது.

தோழிகள் இரண்டு ரிவிஷன் முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். என் வகுப்பில் போன மாதம் விசாரித்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டி 'அவ முடிச்சுட்டா சார்' என்றார்கள். கடைசியில் அந்த 'அவ' யார் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இதெல்லாம் சாதாரணப் படபடப்புக்கு. நாள்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாமா என்று ஒரு நொடி தோன்றியது என்றாலும், படிப்பை அப்படியே ஓரங்கட்டிவிட்டு யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கென்றே உள்ள இலவச எண், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-உம் இருக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் 14417-உம் இருக்கிறது. பெயர் சொல்லத் தயக்கமாக இருந்தால் சொல்ல வேண்டாம், பிரச்சினையை மட்டும் சொல்லுங்கள். மார்க்கைப் பற்றிய போன் எல்லாம் அவர்களுக்குப் புதிதல்ல, முட்டாள்தனம் என்று யாரும் சிரிக்கமாட்டார்கள்.

போன மார்ச்சில் ஆங்கிலத் தேர்வு அன்று மூன்றாவது வரிசையில் ஒரு பெண் பேனாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தாள். மணி பத்தரை ஆகிவிட்டது. பக்கத்தில் போனேன். என்ன சொல்வதென்று யோசிக்கவே இல்லை, வாய் தானாக, "தண்ணி கொண்டாந்திருக்கியாம்மா?" என்றது. பாட்டிலைத் திறக்க மூடி சுற்றவில்லை, விரல் அவ்வளவு நடுங்கியது. நான்தான் திறந்து கொடுத்தேன்.