பத்துப் பேருக்கு ஒரு விமானம்: கேள்வி பதில்

ஒரே விமானத்தைப் பலர் பகிர்ந்து ஓட்டும் ஃபிளையிங் கிளப்புகளைப் பற்றிப் பெங்களூர்த் தமிழர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு, சிறு விமானங்களின் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பைலட் உரிமம் வாங்கும் வழியைக் கேட்டவர்கள் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகளைப் பார்த்துக்கொள்ளவும். அது என் துறை அன்று.

அல்சூர்: எங்கள் செஸ்னா 152-க்கு மணிக்கணக்கில் கட்டணம் வசூலிக்கிறோம். ஹாப்ஸ் மீட்டரைப் பார்த்து வசூலிப்பதா, டேகோமீட்டரைப் பார்த்தா?

டேகோமீட்டரைப் பார்த்து. ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் ஓடும் வரை கடிகாரம் போல் ஓடிக்கொண்டிருக்கும். டேகோமீட்டரின் மணிக்கணக்கோ இன்ஜின் சுழலும் வேகத்தைப் பொறுத்தது என்பதால், ஓடுபாதை முனையில் காத்திருக்கும் நேரம் அதில் முழுதாக ஏறாது. ஹாப்ஸில் காசு ஏறும் இடங்களில் பறக்கும் முன் தரையில் செய்ய வேண்டிய மேக்னெட்டோ (இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சோதனையை அரைகுறையாக முடித்துக்கொண்டு மேலே கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் விமானத்தின் லைகமிங் ஓ-235 இன்ஜினுக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை) இடைவெளி 2400 மணி நேரம். ஓவர்ஹாலுக்கு ஒரு பேச்சுக்கு 24 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1000 ரூபாய் ஒதுக்கினால் போதும் என்றுதான் எல்லாப் பொருளாளர்களும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அதே பரிந்துரையில் 12 ஆண்டு என்ற வரம்பும் உண்டு. எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. ஆண்டுக்கு 100 மணி நேரமே பறக்கும் கிளப்பில் 12 ஆண்டு முடியும்போது மீட்டரில் 1200 மணியும் பெட்டியில் 12 லட்சமும்தான் இருக்கும். மீதிப் பாதிக்கு உறுப்பினர்களிடம் கையேந்தும் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இந்த நிதியில் ஒரு பங்கை மாதச் சந்தாவில் சேர்த்துவிடுங்கள்.

பிரேசர் டவுன்: ஏவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) விலை கட்டுப்படியாகவில்லை. பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?

கூடாது. இன்றைய பங்க் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் சீல்களைக் கெடுக்கும், வெப்பத்தில் குழாயிலேயே ஆவியாகி எரிபொருள் ஓட்டத்தை அடைக்கவும் கூடும். காலையில் டேங்க்கின் அடியிலிருந்து சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கும்போது ஏவ்கேஸின் நீல நிறம்தான் தெரிய வேண்டும்; அடியில் நிறமற்ற குமிழி ஒன்று உருண்டால் அது தண்ணீர். அது நிற்கும் வரை வடித்துவிட்டு, வடித்ததை விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

ராமமூர்த்தி நகர்: மழைக்காலத்தில் யாரும் பறப்பதில்லை. ஞாயிறுதோறும் இன்ஜினைத் தரையிலேயே பத்து நிமிடம் ஓட விடுகிறோம். போதுமா?

போதாது என்பது மட்டுமல்ல, கெடுதலும்கூட. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி பிஸ்டனைத் தாண்டி ஆயிலோடு கலக்கிறது. ஆயில் சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூடேறி அந்தச் சூட்டிலேயே அரை மணி நேரமாவது இருந்தால்தான் அந்த ஈரம் வெளியேறும். பத்து நிமிடத் தரை ஓட்டத்தில் அது நடக்காது. ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகத் தண்ணீர் சேர்த்து மூடி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். பறக்க முடியாவிட்டால் தொடாமல் விடுங்கள். நீண்ட நாள் நிற்கும் என்றால் இன்ஜினைப் பாதுகாத்து வைக்கும் முறை கையேட்டில் இருக்கிறது, அதன்படி உங்கள் பொறியாளரைச் செய்யச் சொல்லுங்கள்.

எலகங்கா: இதை ஏற்க முடியவில்லை ஐயா. என் அப்பா அம்பாசிடர் காரை மழைக்காலம் முழுதும் தினமும் காலையில் ஓட விடுவார். அந்த இன்ஜின் கெட்டுப் போகவே இல்லை.

அப்பாவின் அக்கறைக்கு என் வணக்கம். ஆனால் அம்பாசிடர் தண்ணீரால் குளிரும் வண்டி. நின்ற இடத்திலும் அதன் சூடு ஓரளவு சீராக இருக்கும். நம்முடையது காற்றால் குளிரும் இன்ஜின். முன்னே ஓடும் காற்று இல்லாமல் தரையில் நிற்கும்போது சிலிண்டர் தலைகள் அளவுக்கு மீறிச் சுட, ஆயில் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும். மேலும் லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மேலே படுத்திருக்கிறது. நிறுத்திய சில நாட்களில் அதன்மேல் இருந்த ஆயில் வடிந்து கீழே போய்விட, முதலில் துருப்பிடிப்பது அதுவே. துருவேறிய கேம்ஷாஃப்டின் மேடு ஒன்றை நகத்தால் தடவிப் பார்த்திருக்கிறேன். மிளகைத் தூவியதுபோல் சொரசொரப்பாக இருந்தது.

எலகங்கா: அப்படியானால் புரொப்பல்லரைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி ஆயிலைப் பரப்பலாமே?

பரவாது. ஒட்டியிருக்கும் கொஞ்ச ஆயிலையும் துடைத்தெடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மேக்னெட்டோவின் பொறியை நிறுத்தும் எர்த் வயர் அறுந்திருந்தால் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும்போதே இன்ஜின் பற்றிக்கொள்ளலாம். புரொப்பல்லர் எப்போதும் உயிரோடிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அதன் அருகில் போங்கள்.

இந்திரா நகர்: 100 ஆக்டேன் பெட்ரோல் கார்களுக்கே கிடைக்கிறதே, அதை…

பிரேசர் டவுனுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஆக்டேன் எண் ஒன்றாக இருந்தால் எரிபொருள் ஒன்றாகிவிடாது. அந்த விமானத்துக்கு அங்கீகரிக்கப்படாத எதையும் ஊற்றக் கூடாது.

மத்திகெரே: திங்கட்கிழமை வந்தால் பேட்டரி செத்திருக்கிறது. யார் மாஸ்டர் சுவிட்சை (விமானத்தின் மொத்த மின்சாரத்துக்குமான சுவிட்ச்) அணைக்காமல் விட்டுப் போனார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

வால் மேலே சுழலும் சிவப்பு பீக்கன் விளக்கின் சுவிட்சை எப்போதும் ஆன் நிலையிலேயே விட்டுவைக்கச் சொல்லுங்கள். மாஸ்டரை மறந்தவர் ஹேங்கர் கதவருகே திரும்பிப் பார்த்தால் சிவப்பு மின்னும்.

சொல்லாமல் போகிற பழக்கத்துக்குத்தான் மருந்து வேண்டும். நான் பார்த்துவந்த ஒரு கிளப்பில் செஸ்னா 172 ஒன்றின் முன்சக்கரம் நடுங்குகிறது என்று ஒருவர் போகிறபோக்கில் சொன்னார். இன்ஜின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) அடித் தகடு கசங்கிய காகிதம் போல் மடிந்திருந்தது. முன்சக்கரத்தைத் தரையில் மோதி இறக்கிய எவரோ வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு பேர் பறந்திருந்தார்கள். முதலில் எழுதுகிறவருக்கு அபராதம் இல்லை என்று கிளப் விதியிலேயே போட்ட பிறகுதான் அங்கே புத்தகத்தில் மை பட்டது.

ஜெயநகர்: மழைக்காலத்தில் தரையிலேயே ஓட விட்டால்…

ராமமூர்த்தி நகர், எலகங்கா.

எலகங்கா: ஐயா, இன்று போய் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்பக்கம் மோர் போல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

ஆயிலோடு கலந்த தண்ணீர் அது. புத்தகத்தில் எழுதிவிட்டு, ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். வடிக்கும்போது ஃபில்டரை வெட்டிப் பார்த்து, உலோகத் துகள் இருக்கிறதா என்று பொறியாளர் சொல்லும் வரை யாருக்கும் சாவி தர வேண்டாம்.