தூள் வறுக்க ஓர் இடம்

தங்கச்சி, கனடாவில் ரொறொன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம், நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். கருவாடு பொரிப்பதும் கறித்தூள் வறுப்பதும் வீட்டுக்குள் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார், பின்வளவில் வேண்டுமானால் சமைக்க ஒரு சின்னக் குசினி போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். போட்டால் பனிக்காலத்தில் அதை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வீட்டுக்காரரைக் கோபிக்காதீர்கள். இங்கத்தைய வீடு குளிர் புகாமல் அடைத்துக் கட்டிய பெட்டி. தை மாதத்தில், அதாவது ஜனவரியில், ஒருநாள் கருவாடு பொரித்தால் ஜாக்கெட் எல்லாம் மாசி வரைக்கும் மணக்கும். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு சீட்டுக்குப் போன அன்றுதான் நானும் வெளியில் அடுப்பு வைக்க யோசித்தேன். அது 26 வருடத்துக்கு முந்திய கதை.

ஒன்றையும் நிரந்தரமாகக் கட்ட வேண்டாம். சொந்த வீடு வாங்கிய புதிதில் ஆள் பிடித்து, கல் வைத்து, மேலே ரைல்ஸ் பதித்து ஒரு மேடை கட்டுவித்தேன். இரண்டு பனிக்காலம்கூடத் தாங்கவில்லை. ரைல்ஸ் இடுக்கில் இறங்கிய தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். பங்குனியில் பகலில் உருகி இரவில் உறையும், மறுநாளும் அதேதான். அந்த இழுபறியில் ரைல்ஸ் அப்பளம் மாதிரிக் கழன்று வந்தது. இப்போது என்னிடம் இருப்பது சில்லு வைத்த ஸ்டீல் மேசை, இரட்டை அடுப்பு, 20 இறாத்தல் புரொப்பேன் சிலிண்டர். அவ்வளவுதான். ஊர் ஞாபகத்தில் விறகு அடுப்பு கேட்காதீர்கள், ரொறொன்ரோ நகரத்துக்குள் வளவில் விறகு மூட்டி எரிக்க விடமாட்டார்கள்.

இனித் தண்ணீர். வெளிப் பைப்பை ஐப்பசி முடிய முன்னம் பூட்ட வேண்டும். வெளியில் திருகிப் பூட்டினால் போதாது. பேஸ்மென்ட் சுவரில் அந்தப் பைப்புக்கென்று ஒரு வால்வு இருக்கும், அதை உள்ளேயிருந்து பூட்டிவிட்டு, வெளிப் பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். ஹோஸைக் கழற்றி எடுங்கள். ஒரு வருடம் நான் இதை மறந்தேன். பனிக்காலம் முழுக்க ஒன்றுமே தெரியவில்லை. சித்திரையில் சட்டி கழுவ வெளிப் பைப்பைத் திறந்தால், சுவருக்குள் வெடித்திருந்த குழாய் வழியே தண்ணீர் பேஸ்மென்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. மகன் கீழேயிருந்து கத்தித்தான் எனக்குத் தெரியும். பேஸ்மென்டில் இருப்பது நீங்கள், அதனால் வால்வு எங்கே என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

பனிக்காலத்தில் வெளியில் சமைக்கலாமா? சமைக்கலாம், நான் சமைக்கிறேன். ஆனால் தமிழ்க் கடையில் விற்கிற, சின்ன காஸ் டின் போடுகிற அடுப்பை நம்பாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், பூச்சியத்துக்குக் கிட்டப் போனாலே அது ஆவியாகாது. புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், ஆகவே ரொறொன்ரோக் குளிர் அதற்குப் பெரிதல்ல. என்றாலும் சிலிண்டர் பாதிக்குக் கீழே போனால் நெருப்புச் சோரும், சிலிண்டரின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கும். ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைத் திரவம் தன்னிடமிருந்தே எடுப்பதால் வருகிறது அது. மார்கழியில் நிறைந்த சிலிண்டராக வைத்திருங்கள். கழுத்துப் பட்டையில் அடித்திருக்கும் திகதியையும் பாருங்கள், கனடாவில் 10 வருடம் தாண்டினால் நிரப்பித் தரமாட்டார்கள். ஒவ்வொரு தடவை சிலிண்டரை அடுப்போடு பூட்டியதும் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிர்கிறது என்று அடுப்பை கார் விடுகிற கராச்சுக்குள் இழுக்காதீர்கள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் கராச்சில்தான் சமைக்கிறார்கள், கதவைப் பாதி திறந்து வைத்தோம் என்பார்கள். அடுப்பு எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நானும் ஒருமுறை மாசியில் ஆட்டுக்கறி வைக்க அப்படிச் செய்து, வீட்டுக்குள் அலாரம் அடித்துப் பிள்ளைகளோடு ஸ்நோவில் நின்றேன். சிலிண்டரும் உள்ளே வரக்கூடாது, வெறுஞ் சிலிண்டர் என்றாலும். புரொப்பேன் காற்றை விடப் பாரம், கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். பேஸ்மென்டை விடத் தாழ்வு எது?

மேலே துணிக் கூடாரம் போட்டிருந்தால் கார்த்திகைக்கு முன் துணியைக் கழற்றுங்கள், ஈர ஸ்நோவின் பாரத்தில் கம்பி வளைந்துவிடும். இரும்புத் தாச்சி, மண்சட்டி எல்லாம் உள்ளே. அடுப்பு நன்றாக ஆறிக் காய்ந்த பிறகு மூடுங்கள், ஈரத்தோடு மூடினால் உறைக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

சித்திரையில் திறக்கும்போது உடனே பற்றவைக்க வேண்டாம். காஸ் போகும் ரியூப்புக்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அநேகமாக அதுதான். கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் சரி. இறைச்சி சுடுகிற கம்பித் தட்டு இருந்தால் அதைக் கம்பிப் பிரஷ்ஷால் உரஞ்சாதீர்கள், பிரஷ்ஷின் மயிர்க் கம்பி உடைந்து சாப்பாட்டோடு தொண்டைக்குப் போகும்.

கோடையைப் பற்றி என்ன சொல்ல? ஆவணி (ஓகஸ்ட்) லோங் வீக்கெண்டில் பத்துப் பதினைந்து பேர் சூழ நின்று, பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சினால் பனிக்காலத்துக் கஷ்டம் எல்லாம் மறந்துவிடும். கூழை ஊற்றிக் குடிக்கப் பிலாவிலை கிடைக்காது, பேப்பர்க் கப்தான். ஆவணிக் கடைசியில் குளவி வரும், மீன் கழுவிய தண்ணீரை அங்கேயே ஊற்றாதீர்கள். எண்ணெய் வடியும் தட்டை இரவு கழுவாமல் விட்டால் ரக்கூன் என்கிற பிராணி குடும்பத்தோடு வந்து இறங்கும்.

தூள் வறுக்கும் நாளுக்கு நான் வேலை நாள் காலையைத்தான் எடுப்பேன். பக்கத்து வீட்டுச் சன்னல்கள் பூட்டியிருக்க வேண்டும், காற்று ரோட்டுப் பக்கம் அடிக்க வேண்டும். செத்தல் மிளகாயைக் கடைசியாகப் போடுங்கள், இருமல் தொடங்க முன்னம் மற்றதெல்லாம் முடிந்துவிடும். இப்போது புரட்டாதி. மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம் எல்லாம் இந்த மாதமே வாங்கி, ஐப்பசியில் வருகிற தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்னம் ஆறு மாதத் தூளை வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்து ஃப்ரீஸரில் வையுங்கள். மைனஸ் 15-இல் கையுறையோடு மிளகாய் கிளறுவது லேசான வேலை இல்லை.